மல்லின்னு தேடினா கொத்தமல்லி வருது... ஏன்? மதுரைக்கு எதுக்கு இந்த 'பொருள் புரிந்த இணையம்'?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இன்னைக்கு மல்லி என்ன விலை? செல்போனை எடுத்து 'மல்லி விலை' என்று தட்டிப் பாருங்கள். பூ விலை வரலாம். கூடவே கொத்தமல்லி விலையும் மல்லித்தூள் பாக்கெட்டும் வரலாம். போதாக்குறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 'மல்லி' என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ச் செய்தியும் நடுவில் எட்டிப் பார்க்கலாம்.

பூக்கடை அக்காவிடம் போய் 'மல்லி என்ன விலைக்கா?' என்று கேட்டால், அவர் கொத்தமல்லிக் கட்டை எடுத்து நீட்டமாட்டார். பலசரக்குக் கடையில் 'மல்லி நூறு கிராம் குடுங்கண்ணே' என்றால் அங்கே பூ வராது. நிற்கிற இடத்தைப் பார்த்து, கேட்கிற ஆளைப் பார்த்து மனிதர்களுக்குப் புரிந்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அப்படிப் புரியாது. யாராவது சொல்லிக் கொடுக்கணும்.

அப்படிச் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குத்தான் 'செமான்டிக் வெப்' என்று பெயர். தமிழில் 'பொருள் புரிந்த இணையம்' என்று சொல்லலாம். கேட்க ஏதோ இன்ஜினியரிங் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் காணாமல்போன சாமி சிலையை அடையாளம் காண்பதில் இருந்து, ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரி தேடுவது வரை, இதே விஷயம்தான் அடிப்படை. எப்படி? பார்க்கலாம்.

கம்ப்யூட்டருக்கு என்னதான் தெரியும்?

சாதாரணத் தேடலில் கம்ப்யூட்டர் பார்ப்பது எழுத்துகளை மட்டும்தான். நீங்கள் தட்டிய எழுத்துகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன, எத்தனை தடவை இருக்கின்றன, அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடும். அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது இந்தக் கணக்கில் வராது.

மதுரையில் இந்தச் சிக்கல் கொஞ்சம் ஜாஸ்தி. சில உதாரணங்கள்:

'வைகை' என்றால் ஆறு. ஆண்டிபட்டி பக்கம் 1959ல் திறக்கப்பட்ட அணையும் வைகைதான். 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடும் எக்ஸ்பிரஸ் ரயிலும் வைகைதான். 'வைகை இன்று தாமதம்' என்று ஒரு செய்தி வந்தால், ஆறு தாமதமாக வராது என்பது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு?

'ஜிகர்தண்டா' என்றால் கீழவாசல், விளக்குத்தூண் பக்கம் போய்க் குடிக்கிற ஐட்டம். 2014ல் வந்த கார்த்திக் சுப்பராஜ் படமும் அதே பெயர்தான்.

'ஆனைமலை' என்றால் ஒத்தக்கடை பக்கம் யானை படுத்திருப்பதுபோல் தெரியும் மலை. பொள்ளாச்சிக்காரரைக் கேட்டால் அவர் புலிகள் காப்பகத்தைக் காட்டுவார். மதுரை மலையை 'யானைமலை' என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் நாலு விதமாக எழுதுகிறார்கள்.

ஆக, பிரச்சினை இரண்டு. ஒரே பெயரில் பல பொருள்கள். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். செமான்டிக் வெப் இந்த இரண்டையும்தான் தீர்க்கப் பார்க்கிறது.

சரி, செமான்டிக் வெப் என்றால் என்ன?

இணையத்தை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா ஆகிய மூவரும் 2001 மே மாதம் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு காட்சி. வயதான அம்மாவுக்குத் தொடர்ந்து பிசியோதெரபி தேவை. அண்ணன், தங்கை இருவரும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கணினி உதவியாளே இன்சூரன்ஸில் வரும் மருத்துவமனை எது, வீட்டுக்குப் பக்கமா, யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்று எல்லாவற்றையும் பார்த்து நேரம் வாங்கிக் கொடுத்துவிடும்.

இதற்கு வழி என்ன? இணையப் பக்கங்களை மனிதர் படிப்பதற்கு மட்டும் எழுதாமல், இயந்திரமும் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும் என்றார்கள். அதற்கு மூன்று படிகள் உண்டு.

முதல் படி: ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண். ஆதார் எண் மாதிரி. ஒரே பெயரில் நூறு பேர் இருந்தாலும் எண் வேறு. விக்கிப்பீடியாவின் தங்கைத் திட்டமான விக்கிடேட்டாவில் சென்னையின் எண் கியூ 1352. நீங்கள் சென்னை என்று சொல்லுங்கள், மெட்ராஸ் என்று சொல்லுங்கள், சென்னப்பட்டணம் என்று சொல்லுங்கள். எண் ஒன்றுதான்.

இரண்டாம் படி: தகவலை மூன்று துண்டாகச் சொல்வது. 'யானைமலை – இருக்கும் மாவட்டம் – மதுரை'. 'நரசிங்கம் குடைவரை – இருக்கும் இடம் – யானைமலை'. எதைப் பற்றி, என்ன உறவு, எதோடு உறவு. அவ்வளவுதான். இதற்கு ஆர்.டி.எஃப். என்று பெயர். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999ல் இதை அங்கீகரித்தது.

மூன்றாம் படி: உறவுகளின் விதிகளைச் சொல்வது. 'குடைவரைக் கோயில் என்பது ஒரு வகைக் கோயில்'. 'ஒரு மலைமேல் இருப்பது, அந்த மலை இருக்கும் மாவட்டத்திலும் இருக்கிறது'. இப்படிச் சொற்களையும் அவற்றின் உறவுகளையும் அடுக்கி வைக்கும் பட்டியலுக்கு 'ஆன்டாலஜி' என்று பெயர். அதை எழுதுவதற்கான 'ஆவுல்' மொழி 2004ல் வந்தது. தேடுவதற்கான 'ஸ்பார்க்கிள்' மொழி 2008ல் தரமாக ஏற்கப்பட்டது.

இதில் என்ன லாபம்? மேலே சொன்ன துண்டுகளில் 'நரசிங்கம் குடைவரை மதுரை மாவட்டத்தில் இருக்கிறது' என்று யாருமே எழுதவில்லை. ஆனால் விதிகளைச் சேர்த்துப் பார்த்து இயந்திரமே அந்த முடிவுக்கு வந்துவிடும். 'மதுரை மாவட்டத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் எவை?' என்று கேட்டால் நரசிங்கமும் வரும், திருப்பரங்குன்றமும் வரும்.

படத்தைத் தேடுவது ஏன் இன்னும் கஷ்டம்?

எழுத்துக்கே இந்தக் கதி என்றால் படத்துக்கு?

போனில் எடுத்த படத்தைத் திறந்து பாருங்கள். கேமரா வைத்த பெயரும் ஒரு எண்ணும்தான் இருக்கும். உள்ளே லட்சக்கணக்கான நிறப்புள்ளிகள். அதில் மலை எங்கே, மாடு எங்கே என்று எங்கேயும் எழுதியிருக்காது.

1990களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிறம், வடிவம், மேற்பரப்பு ஆகியவற்றை அளந்து, 'இந்தப் படம் மாதிரியே இருக்கும் வேறு படங்களைக் கொடு' என்று கேட்கும் முறை. ஐ.பி.எம். நிறுவனம் அப்படி ஒரு மென்பொருளையே கொண்டுவந்தது. ஆனால் இந்த முறைக்கு, கூடையில் குவித்த மல்லிகையும் பிரித்துப்போட்ட பஞ்சு மூட்டையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் வெள்ளை, இரண்டும் குவியல்.

புள்ளிகளுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தை ஆய்வாளர்கள் 'பொருள் இடைவெளி' என்கிறார்கள்.

2009ல் வந்த 'இமேஜ்நெட்' இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு பெரிய வேலை செய்தது. சொற்களை வகை, உட்பிரிவு என்று அடுக்கிய 'வேர்ட்நெட்' அகராதியை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள பல சொற்களுக்குக் கீழே படங்களைக் குவித்தார்கள். மொத்தம் சுமார் 1.4 கோடி படங்கள். ஒவ்வொன்றையும் மனிதர்கள் பார்த்துத்தான் பெயர் சொன்னார்கள். இன்றைக்கு உங்கள் போன் 'இது பூனை, இது பைக்' என்று சொல்கிறதே, அதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

ஆனால் அந்த அகராதி ஆங்கில அகராதி. கோயில் என்ற வகை இருக்கும். கோபுரத்துக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் இருக்குமா? வாடிவாசல் இருக்குமா? எதற்குப் பெயர் வைக்கவில்லையோ, அதைத் தேடவும் முடியாது.

இன்னொன்று. தமிழக அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மீனாட்சி அம்மன் கோயில் கோபுரமா என்று மனிதர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வெறும் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

சிலையைக் காட்டிக்கொடுத்த பழைய போட்டோ

'இதெல்லாம் சரி, படத்துக்குக் குறிப்பு எழுதினால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்கலாம். தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதைகள் இருக்கின்றன.

புதுச்சேரியில் 1955ல் தொடங்கப்பட்டது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அடுத்த ஆண்டே அவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தென்னிந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்தார்கள். இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் படங்கள் இருக்கின்றன. முக்கியமான விஷயம், எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெய்வம், எப்போது எடுத்தது என்று குறிப்போடு வைத்திருந்தார்கள்.

திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சி கோயிலில் இருந்த நடராஜர் சிலை 1982ல் திருடு போனது. பிறகு அது ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1958ல் பிரெஞ்சு நிறுவனம் எடுத்த படம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2019 செப்டம்பரில் நடராஜர் ஊர் திரும்பினார்.

மயிலாடுதுறை மாவட்டம் அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் 1978ல் திருடு போன ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் 2020ல் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கேயும் சாட்சி 1958ல் எடுத்த போட்டோதான்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. பழைய படத்தோடு ஒப்பிட்ட பிறகு உண்மை வெளியே வந்தது. 2014ல் அந்தச் சிலையும் இந்தியா வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தப் படங்களில் குறிப்பு இல்லாமல் இருந்திருந்தால்? 'ஏதோ ஒரு நடராஜர்' என்ற ஒன்றரை லட்சத்தில் ஒரு படம். அது எந்த ஊர்ச் சிலை என்று எப்படிச் சொல்வது? படம் சாட்சி சொன்னது, பின்னால் எழுதியிருந்த அந்த நாலு சொற்களால்தான்.

அங்கே மனிதர்கள் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து ஒப்பிட்டார்கள். செமான்டிக் முறை அதே குறிப்பை இயந்திரமும் படிக்கும்படி மாற்றுகிறது. 'வெண்கலம், நடராஜர், இத்தனை அடி உயரம், தாமிரபரணிக் கரை ஊர், 1960க்கு முன் எடுத்த படம்' என்று கேட்டால் பத்து இருபது படமாகச் சுருங்கிவிடும். பிறகு மனிதக் கண்ணுக்கு வேலை சுலபம்.

திருட்டுப்போகும் கலைப்பொருளை எப்படி விவரிக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் 'ஆப்ஜெக்ட் ஐ.டி.' என்று ஒரு தரமே இருக்கிறது. என்ன வகைப் பொருள், எதனால் செய்தது, என்ன அளவு, எழுத்து ஏதும் பொறித்திருக்கிறதா, தனியாகத் தெரியும் வடு ஏதும் உண்டா, படம் இருக்கிறதா. இத்தனை கேள்விக்கும் பதில் எழுதி வைத்தால்தான் நாளைக்குத் தேட முடியும்.

ஊர் மாறாது, மாவட்டம் மாறும்

இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அனந்தமங்கலம் 1958ல் தஞ்சாவூர் மாவட்டம். 1991க்குப் பிறகு நாகப்பட்டினம். 2020 முதல் மயிலாடுதுறை. பழைய குறிப்பில் ஒன்று, புதிய ஆவணத்தில் இன்னொன்று. எழுத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஊர்.

மதுரைக்கும் இதே கதைதான். 1985ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை கொடைக்கானல் இருந்தது மதுரை மாவட்டத்தில். அதனால் பழைய கொடைக்கானல் படம் ஒன்றில் 'மதுரை மாவட்டம்' என்று எழுதியிருந்தால் அது தப்பில்லை. அன்றைக்கு அதுதான் சரி.

செமான்டிக் முறையில் இதையும் எழுதலாம். 'கொடைக்கானல் – இருக்கும் மாவட்டம் – மதுரை – 1985 வரை'. 'கொடைக்கானல் – இருக்கும் மாவட்டம் – திண்டுக்கல் – 1985 முதல்'. இரண்டு தகவலும் இருக்கும். சண்டை இருக்காது.

பெரியாஸ்பத்திரி எங்கே இருக்கு?

படம் இருக்கட்டும். அன்றாடம் தேவைப்படும் சேவைகளுக்கு வருவோம்.

மதுரைக்காரர்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்வது எது? கோரிப்பாளையம் பக்கம் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனை. போர்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். வீட்டில் தாத்தா இருந்தால் 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்றுகூடச் சொல்வார், அது அதன் பழைய பெயர். 'ஜி.ஹெச்.' என்பவர்களும் உண்டு. ஆனால் வேறு ஊரில் போய்ப் 'பெரியாஸ்பத்திரி' என்று கேட்டால் அந்த ஊர் அரசு மருத்துவமனைக்குத்தான் வழி சொல்வார்கள்.

உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் ராத்திரி ஒருவரைப் பாம்பு கடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பவர் போனில் 'பாம்புக்கடி ஊசி' என்று தேடுவார். மருத்துவமனை ஆவணத்தில் இருப்பதோ 'ஏ.எஸ்.வி.' என்ற மூன்று எழுத்து. இரண்டும் ஒன்று என்று இயந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை என்றால், பக்கத்திலேயே மருந்து இருந்தாலும் தேடலில் வராது. (அவசரத்துக்குத் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. முதலில் 108க்குப் போன் போடுங்கள்.)

சேவையைத் தேடுவதில் பெயர் மட்டும் போதாது. அந்தச் சேவை என்ன செய்யும், அதற்கு நாம் என்ன கொடுக்கணும், எந்த நிபந்தனைக்கு உட்பட்டது, முடிவில் என்ன கிடைக்கும் என்ற நாலும் தெரியணும். 2004ல் டபிள்யூ3சியிடம் சமர்ப்பிக்கப்பட்ட 'ஆவுல்-எஸ்' என்ற முறை ஒவ்வொரு சேவையையும் இந்த நாலு கேள்வியில்தான் விவரிக்கிறது.

ஒரு பஸ் உதாரணம். 'மதுரையில் இருந்து தேனிக்கு பஸ்' என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்கிறார். மதுரைக்காரர் உடனே சொல்லிவிடுவார்: 'ஆரப்பாளையம் போங்க.' திருச்சிக்கா? 'மாட்டுத்தாவணி.' இது உள்ளூர் அறிவு. 'மேற்கே போகும் ஊர்களுக்கு ஆரப்பாளையம்' என்ற விதியை ஒரு தடவை எழுதிவிட்டால், போடி என்று கேட்டாலும் கம்பம் என்று கேட்டாலும் இயந்திரம் சரியான பஸ் ஸ்டாண்டைக் காட்டும். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படின்னா அந்த 2001 கனவு பலிச்சதா?

முழுசா இல்லை. இதையும் சொல்லியாகணும்.

2000ல் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, இணையச் சேவைகளுக்கு ஒரு 'மஞ்சள் பக்கங்கள்' தொடங்கின. 'யு.டி.டி.ஐ.' என்று பெயர். எல்லாரும் வந்து தங்கள் சேவையைப் பதிவு செய்வார்கள், எல்லாரும் அங்கேயே தேடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அந்தப் பொதுப் பட்டியலை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள்.

இந்த மாதிரித் திட்டங்கள் ஏன் தடுமாறுகின்றன? காரணம் ரொம்ப மனுஷத்தனமானது. விவரம் எழுதுவது வேலை. எழுதுபவருக்கு உடனே லாபம் தெரியாது. எழுதினாலும் புதுப்பிக்கமாட்டார். சிலர் பொய்யும் எழுதுவார். கடையை மூடி இரண்டு வருஷம் ஆகியிருக்கும், இணையத்தில் '24 மணி நேரமும் திறந்திருக்கும்' என்று இருக்கும்.

ஆனால் கனவின் சின்னத் துண்டுகள் பிழைத்துக்கொண்டன.

2011ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் போட்டியை ஓரமாக வைத்துவிட்டு 'ஸ்கீமா டாட் ஆர்க்' என்ற பொதுச் சொல் பட்டியலைக் கொண்டுவந்தன. கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம், விலை என்று எதை எந்தச் சொல்லில் எழுதணும் என்று அதில் இருக்கும். ஒரு சமையல் குறிப்பைத் தேடும்போது முடிவுப் பக்கத்திலேயே படமும், எத்தனை நிமிஷம் என்பதும் வருகிறதே, அது இதனால்தான்.

2012 மே மாதம் கூகுள் 'நாலெட்ஜ் கிராஃப்'பைத் தொடங்கியது. ஒரு கோயிலைத் தேடினால் படம், வரைபடம், நடை திறக்கும் நேரம் என்று ஒரு பெட்டி வருவது அதன் வேலை. அதே ஆண்டு அக்டோபரில் விக்கிடேட்டா தொடங்கியது. இன்று அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எண் இருக்கிறது.

இந்தியாவில் ஓ.என்.டி.சி. இருக்கிறது. 2022 ஏப்ரலில் கோவை உள்பட 5 நகரங்களில் சோதனையாகத் தொடங்கிய இந்த வலையில், நீங்கள் ஓர் ஆப்பில் 'இது வேணும்' என்று கேட்டால், வேறு வேறு ஆப்களில் இருக்கும் விற்பனையாளர்கள் பதில் சொல்லலாம். இது முழு செமான்டிக் வெப் கிடையாது. ஆனால் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே சொல் பட்டியலைப் பேசினால்தான் கண்டுபிடிக்க முடியும் என்ற அந்தப் பழைய யோசனைதான் இதற்கும் அடிப்படை.

இப்பதான் ஏ.ஐ. வந்துருச்சே, இனி இது எதுக்கு?

நியாயமான கேள்வி. 2021க்குப் பிறகு வந்த ஏ.ஐ. மாடல்கள், இணையத்தில் இருக்கும் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த வரிகளையும் சேர்த்துப் படித்துப் பழகியவை. 'மலைமுன் நிற்கும் மாடு' என்று தட்டினால், குறிப்பே இல்லாத படத்தையும் எடுத்துத் தரும். மல்லிகையையும் பஞ்சையும் இப்போது குழப்பிக்கொள்ளாது.

ஆனால் 'இது மலை' என்பது வேறு, 'இது யானைமலை' என்பது வேறு. ஏ.ஐ. வகையை நன்றாகச் சொல்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வருஷம் என்று வரும்போது ஊகிக்கிறது. தப்பாக ஊகித்தாலும் தைரியமாகச் சொல்கிறது. சிலைத் திருட்டு வழக்கில் 'இருக்கலாம்' என்ற பதில் நிற்காது. யார் எடுத்த படம், எப்போது, எங்கே என்ற பதிவுதான் நிற்கும்.

தவிர, ஏ.ஐ. படித்ததே ஏற்கெனவே யாரோ எழுதிய குறிப்புகளைத்தான். தாஜ்மஹாலுக்குக் குறிப்பு எழுத உலகமே இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு? அதை மதுரைக்காரர்கள்தான் எழுதணும்.

நாம என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. போன் போதும்.

படம் எடுத்தால்: உங்கள் ஊர்க் கோயில், கண்மாய், மண்டபம், கல்வெட்டு, திருவிழா எதுவாக இருந்தாலும், விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றலாம். 2019 முதல் அங்கே 'இந்தப் படத்தில் இருப்பது என்ன' என்று நிரப்ப ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'கோயில்' என்று பொதுவாக எழுதாமல், சரியான கோயிலின் பதிவையே தேர்ந்தெடுங்கள். தமிழில் ஒரு வரி விளக்கம், எடுத்த தேதி, இடம். அவ்வளவுதான்.

பெயர் தெரிந்தால்: விக்கிடேட்டாவில் ஒவ்வொரு பொருளுக்கும் 'வேறு பெயர்கள்' என்று ஓர் இடம் உண்டு. யானைமலைக்கு ஆனைமலை, இராஜாஜி மருத்துவமனைக்குப் பெரியாஸ்பத்திரி என்று மக்கள் வாயில் புழங்கும் பெயரை அங்கே சேர்க்கலாம். போர்டில் இருக்கும் பெயரை அரசாங்கம் எழுதும். வாயில் இருக்கும் பெயரை மக்கள்தான் எழுதணும்.

கடை வைத்திருந்தால்: வரைபட ஆப்பில் கடை என்ன வகை, எத்தனை மணிக்குத் திறப்பது, என்றைக்கு லீவு என்று சரியாகப் போடுங்கள். தூங்கா நகரத்தில் ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டாக் கடை தேடுபவர் உங்களைக் கண்டுபிடிப்பது அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால்: படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். யார், எங்கே, எந்த வருஷம். அந்த விவரம் தெரிந்த பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு அதை எந்த ஏ.ஐ.யாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடக் கூடாது. உற்சவர் சிலை எந்த அறையில் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் இணையத்துக்கு வேண்டாத விவரம். தனி ஆட்களின் போன் நம்பரும் அப்படித்தான்.

கடைசியாக...

மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூவை மதுரை மல்லி என்று சொல்லி விற்கக் கூடாது என்பதற்கான சட்ட அடையாளம் அது. பெயருக்குப் பின்னால் எந்த மண், எந்தப் பூ என்று எழுதிவைத்த ஒரு பதிவு.

செமான்டிக் வெப் கேட்பதும் அதே மாதிரியான பதிவைத்தான். அந்தப் பதிவு இருக்கும்வரை தேடினால் கிடைக்கும். 1958ல் ஒருவர் கேமராவோடு கல்லிடைக்குறிச்சிக்குப் போய், படம் எடுத்து, ஊர்ப்பெயரையும் எழுதி வைத்தார். 61 வருஷம் கழித்து அந்த ஊருக்கு அதன் நடராஜர் திரும்பக் கிடைத்தார்.